நம் பெயரில் யார் பேசுகிறார்கள்?
எண்ணெய், நிலக்கரி முதலாளிகளின் கூட்டணி அரசியல் பற்றி

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



சூழல் என்று பேச்செடுத்தாலே நம் ஆட்களிடமிருந்து ஒரு கேள்வி வரும். "தெருவுக்குத் தண்ணிக் குழாய் வரல, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, இதுல ஓசோன்ல ஓட்டை விழுந்தா நமக்கென்ன?" நியாயமான கேள்விதான். இங்கே சூழலியம் என்பது பெரும்பாலும் பறவை பார்க்கிறவர்களின், மரம் நடுகிறவர்களின் விவகாரமாகவே இருந்து வருகிறது. குப்பை எந்தத் தெருவோரம் கொட்டப்படுகிறது, சாம்பல் யார் கூரை மேல் விழுகிறது, மலக்குழியில் யார் இறங்குகிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சூழலியத்துக்குள் வருவதில்லை.

அதனால் நான் இன்று காட்டைப் பற்றியோ கடலைப் பற்றியோ பேசப் போவதில்லை. அதிகாரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். முதலாளிகள் சங்கம் வைத்துக்கொண்டு ஒரு அரசின் எரிசக்திக் கொள்கையை எப்படி வளைத்தார்கள், அந்த வேலைக்கு ஒடுக்கப்பட்ட மக்களின் பெயரையே எப்படிப் பயன்படுத்திக் கொண்டார்கள் என்பதுதான் பேச்சு. உதாரணம் அமெரிக்கா. ஏன் அமெரிக்கா என்றால், அங்கே வழக்குகள் மூலமும் தகவல் சட்டத்தின் மூலமும் நிறைய உள்காகிதங்கள் வெளியே வந்துவிட்டன. இன்னொரு காரணமும் உண்டு. 1946இலேயே அம்பேத்கர், கறுப்பர் தலைவர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பர்கள் அய்.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். அந்த மக்களின் அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்வது நமக்குப் புதிதல்ல.

சங்கம் என்றால் நமக்குத் தொழிலாளர் சங்கம் ஞாபகம் வரும். கொடி, சந்தா, வாயிற்கூட்டம், பிறகு போலீசின் தடியடி. முதலாளிக்கும் சங்கம் உண்டு. அதற்குக் கொடியும் கிடையாது, தடியடியும் கிடையாது. 1988இல் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனட் குழு முன்னால் வந்து, பூமி சூடாவது ஆரம்பித்துவிட்டது என்று சாட்சியம் சொன்னார். அதே ஆண்டு அய்.நா. சார்பில் பருவநிலை பற்றிய அரசுகளுக்கிடையிலான விஞ்ஞானக் குழு அமைக்கப்பட்டது. மறு ஆண்டே, 1989இல், எண்ணெய், நிலக்கரி, மின்சாரம், கார், ரசாயனக் கம்பெனிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கூட்டணி கட்டின. குளோபல் கிளைமேட் கோயலிஷன் என்று பேர். உலகப் பருவநிலைக் கூட்டணி என்று தமிழில் சொல்லலாம். பேரைக் கேட்டால் பூமியைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் என்றுதானே தோன்றும்? அதற்காகத்தான் அந்தப் பேர். எக்ஸான், ஷெல், டெக்ஸாகோ, ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், நிலக்கரிச் சங்கம் என எல்லோரும் அதில் இருந்தார்கள்.

கூட்டணி எதற்கு? தனியொரு கம்பெனி "புகையைக் குறைக்க மாட்டேன்" என்று சொன்னால் அதன் பேர் கெடும். கூட்டணி சொன்னால் எந்தக் கம்பெனிக்கும் கெடாது. கம்பெனி தன் விளம்பரத்தில் பச்சை இலை போட்டுக்கொள்ளலாம், அழுக்கு வேலையைக் கூட்டணி பார்த்துக்கொள்ளும். ஊரில் பெரிய மனுஷன் தன் கையால் நம்மை அடிப்பதில்லை. ஆளை வைத்து அடிப்பான், மறுநாள் சமாதானக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பான். ஏறக்குறைய அதே ஏற்பாடுதான்.

இவர்கள் அறியாமையினால் எதிர்த்தார்களா என்று பார்ப்போம். 1995இல் இந்தக் கூட்டணியின் சொந்த விஞ்ஞான ஆலோசனைக் குழு ஒரு கையேட்டைத் தயாரித்தது. மனிதன் எரிக்கிற எரிபொருளால் பூமி சூடாகும் என்பதற்கான விஞ்ஞான அடிப்படை உறுதியானது, அதை மறுக்க முடியாது என்று அதில் எழுதியிருந்தார்கள். எதிர்வாதம் பேசிய சில விஞ்ஞானிகளின் வாதங்கள் ஏன் நிற்காது என்று விளக்குகிற பகுதியும் முதல் வரைவில் இருந்தது. இறுதி வடிவத்தில் அந்தப் பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. வெளியே ஜனங்களிடம் கூட்டணி சொல்லிக்கொண்டிருந்தது வேறு: "விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை." இந்த விவரம் 2009இல்தான், ஒரு வழக்கில் தாக்கலான காகிதங்கள் மூலம், நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் வெளியானது. எக்ஸான் கம்பெனியின் விஞ்ஞானிகள் 1977 முதல் 2003 வரை செய்த கணிப்புகளை 2023இல் சயன்ஸ் இதழில் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். அவற்றில் 63 முதல் 83 விழுக்காடு வரை சரியாகவே பலித்திருக்கின்றன. ஆக, உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு பேச்சு.

சந்தேகத்தை உற்பத்தி செய்வதென்பது ஒரு தொழில். சிமெண்டு, செருப்பு மாதிரி அதையும் திட்டமிட்டுத் தயாரிக்கிறார்கள். யாரிடம் விற்பது என்றும் கணக்குப் போடுகிறார்கள். 1991இல் நிலக்கரி, மின்சாரக் கம்பெனிகளின் சங்கங்கள் சேர்ந்து சூழல் தகவல் மன்றம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். பூமி சூடாவதை "உண்மை" என்பதிலிருந்து இறக்கி "வெறும் கோட்பாடு" என்று ஜனங்களை நினைக்க வைப்பதுதான் அதன் இலக்கு. மூன்று சிறிய நகரங்களில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். அவர்களுடைய திட்டக் காகிதத்தில் யாரைக் குறி வைப்பது என்று இரண்டு பிரிவினரைத் தனியே குறித்திருந்தார்கள். ஒன்று, அதிகம் படிக்காத, வயதில் மூத்த ஆண்கள். இரண்டு, வருமானம் குறைந்த இளம் பெண்கள்.

தோழர்களே, இதைக் கவனிக்க வேண்டும். படிப்பு மறுக்கப்பட்டவனும் கூலி மறுக்கப்பட்டவளும்தான் பொய்யை விற்பதற்கு ஏற்ற சந்தை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்கு முன்பே, 1984இல், கலிபோர்னியாவின் குப்பை நிர்வாக வாரியத்துக்கு ஓர் ஆலோசனை நிறுவனம் அறிக்கை கொடுத்தது. குப்பை எரிக்கும் ஆலையை எங்கே வைத்தால் எதிர்ப்பு குறைவாக இருக்கும் என்பது அதன் பொருள். ஏழைகள் இருக்கிற இடம், பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் இருக்கிற இடம், சின்ன ஊர் என்று பட்டியல் போட்டிருந்தது. நம்மைப் பற்றி நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. குப்பையைக் கொட்டவும் நம்மிடம்தான் வருகிறான், பொய்யைக் கொட்டவும் நம்மிடம்தான் வருகிறான்.

சரி, இந்தச் சந்தேக வியாபாரத்தால் சட்டம் எப்படி மாறியது? 1993இல் அதிபர் கிளிண்டன் எரிசக்திக்கு வெப்ப அளவை வைத்து வரி போடப் பார்த்தார். தொழிலதிபர்கள் கூட்டணி கட்டி, விளம்பரக் கம்பெனியை வாடகைக்கு அமர்த்தி, முக்கியமான செனட்டர்களின் மாநிலங்களில் எதிர்ப்பைக் கிளப்பினார்கள். கீழ்ச் சபையில் நிறைவேறிய வரி செனட்டில் செத்தது. பெட்ரோலுக்கு காலனுக்கு 4.3 செண்ட் வரிதான் மிச்சம்.

அடுத்தது 1997, கியோட்டோ உடன்படிக்கை. பணக்கார நாடுகள்தான் இத்தனை காலம் புகை விட்டன, எனவே முதலில் அவர்கள் குறைக்கட்டும் என்பது அதன் சாரம். அந்த ஆண்டு கம்பெனிகளின் இன்னொரு கூட்டணி 1 கோடியே 30 லட்சம் டாலர் செலவில் விளம்பரம் செய்தது. தொலைக்காட்சியில் உலக வரைபடத்தைக் காட்டி, கத்தரிக்கோலால் இந்தியாவையும் சீனாவையும் மெக்சிகோவையும் வெட்டி எறிவார்கள். 'இவர்களுக்கெல்லாம் விலக்கு, நமக்கு மட்டும் வரியா?' என்பதுதான் சேதி. இட ஒதுக்கீட்டுக்கு எதிராக இங்கே கேட்கிற குரலை நினைத்துப் பாருங்கள். நூற்றாண்டுக் கணக்கில் தின்றவன், "எல்லோருக்கும் சமமாக இருக்கட்டும்" என்று சொல்கிற அதே நியாயம்தான் இது. உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு முன்பே, 1997 ஜூலையில், வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தத்தையும் ஏற்கக் கூடாது என்று அமெரிக்க செனட் தீர்மானம் போட்டது. வாக்கு 95–0. எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை.

2001 மார்ச்சில் அதிபர் புஷ் கியோட்டோவை நிராகரித்தார். ஜூனில் வெளியுறவுத் துறையின் உயரதிகாரி ஒருவர் இந்தக் கூட்டணியின் ஆட்களைச் சந்திக்கப் போனார். அவருக்காகத் துறை தயாரித்த பேச்சுக் குறிப்பில், அதிபர் கியோட்டோவை நிராகரித்ததற்கு உங்கள் கருத்துகளும் ஒரு காரணம் என்று சொல்லும்படி எழுதியிருந்தது. நன்றி சொல்லப் போயிருக்கிறது அரசு! அதற்குள் டூபாண்ட், பி.பி., ஷெல், ஃபோர்டு எல்லாம் பேர் கெடுகிறதென்று ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. 2002இல் கூட்டணி கலைக்கப்பட்டது. தோற்றுக் கலையவில்லை. வந்த வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டுத்தான் கலைந்தது.

இனி நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருகிறேன். 2000இல் நிலக்கரித் தொழிலின் பணத்தில் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. கியோட்டோவை ஏற்றால் கறுப்பர்களும் ஹிஸ்பானியர்களும்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள், வேலை போகும், மின்கட்டணம் ஏறும், வறுமை கூடும் என்றது அறிக்கை. நிலக்கரி முதலாளிக்குத் திடீரென்று கறுப்பர்கள் மேல் கரிசனம் வந்துவிட்டது! 2015இல் ஒபாமா அரசு அனல்மின் நிலையங்களின் புகைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, தேசியக் கறுப்பர் வணிகர் சங்கம் என்ற அமைப்பு இன்னொரு அறிக்கையைக் கொண்டுவந்தது. கறுப்பர் வறுமை 23 விழுக்காடு கூடும் என்றது. எழுதிக் கொடுத்தது 2000இல் எழுதிக் கொடுத்த அதே ஆய்வு நிறுவனம். அந்த வணிகர் சங்கம் எக்ஸான்மொபிலிடம் பல ஆண்டுகள் நன்கொடை வாங்கிய சங்கம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2002இல் வெளிவந்த ஒரு கணக்குப்படி, அமெரிக்கக் கறுப்பர்களில் 68 விழுக்காட்டினர் ஏதாவதொரு நிலக்கரி மின்நிலையத்துக்கு 30 மைலுக்குள் வாழ்ந்தார்கள். வெள்ளையரில் இது 56 விழுக்காடு. மின்கட்டணத்தைக் கணக்கில் எடுத்தவர்கள் மூச்சிரைப்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

2009இல் செனட் குழுவொன்றில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மேற்படி சங்கத்தின் தலைவர் பருவநிலைச் சட்டத்துக்கு எதிராகச் சாட்சியம் சொல்ல வந்தார். குழுத் தலைவரான வெள்ளைப் பெண் செனட்டர், அதே சட்டத்தின் தேவையை ஆதரித்து என்.ஏ.ஏ.சி.பி. போட்ட தீர்மானத்தை எடுத்து அவர் முன் வைத்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கறுப்பனுக்கு எதிராக இன்னொரு கறுப்பன் பேச்சை எடுத்துப் போடுகிறாயே, இது இனவாதமில்லையா என்று கேட்டார். அந்தக் கோபத்தில் உண்மை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். நம்மில் ஒருவர் பேசினால் அவர் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லாமல், "உங்க ஆளே வேற மாதிரி சொல்றாரே" என்று கேட்பது ஆதிக்கத்தின் பழைய பழக்கம். ஆனால் அந்தக் கோபத்தால் இன்னொரு கேள்வி மறைந்துவிடக் கூடாது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு வண்டிச் செலவு கொடுத்தது யார் என்பதுதான் அந்தக் கேள்வி.

இதைவிடக் கேவலம் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நடந்தது. நகரத்தின் கிழக்குப் பகுதியில், கறுப்பர்களும் வியட்நாமிலிருந்து வந்து குடியேறியவர்களும் வாழ்கிற இடத்தில், என்டர்ஜி என்ற மின்கம்பெனி எரிவாயு மின்நிலையம் கட்ட விரும்பியது. மக்கள் எதிர்த்தார்கள். 2017–18இல் நகர சபைக் கூட்டங்களில் திடீரென்று ஆரஞ்சு நிற டி-ஷர்ட் போட்ட ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்து மின்நிலையத்துக்கு ஆதரவாகக் கை தட்டியது. 2018 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. மே மாதம் ஓர் உள்ளூர்ப் பத்திரிகை உண்மையை வெளியிட்டது. வந்தவர்களில் பலர் நடிகர்கள்! உட்கார்ந்து கை தட்ட 60 டாலர், எழுந்து பேச 200 டாலர். ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்தினோம், ஆட்களுக்குக் காசு கொடுத்தது எங்களுக்குத் தெரியாது என்றது கம்பெனி. தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்றது நகர சபையின் விசாரணை. 50 லட்சம் டாலர் அபராதம். ஆனால் மின்நிலையம்? அது கட்டப்பட்டது, 2020இல் ஓடவும் ஆரம்பித்தது. புயலடித்தாலும் விளக்கு எரியும் என்று சொல்லித்தான் கட்டினார்கள். 2021 ஆகஸ்டில் அய்டா புயலில் நகரத்துக்கு வரும் எட்டு மின்தடங்களும் விழுந்து ஊரே இருண்டது. பக்கத்திலேயே நின்ற புது மின்நிலையமும் அன்றிரவு விளக்கேற்றவில்லை.

நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. லாரியில் ஏற்றிப் போய்ப் பிரியாணியும் குவார்ட்டரும் கொடுத்துக் கை தட்ட வைப்பதைக் கண்டுபிடித்தவர்கள் நம் கட்சிக்காரர்கள். ஒரு தொழிற்சாலை விரிவாக்கத்துக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். கம்பெனி பேர் வேண்டாம். முன்வரிசைகளில் உட்கார வைக்கப்பட்டிருந்தவர்கள் பக்கத்துக் காலனி ஆட்கள். வேனில் அழைத்து வந்திருந்தார்கள். கையில் சாப்பாட்டுப் பொட்டலம். ஒரு அம்மாவிடம், "என்ன விஷயமா வந்தீங்கம்மா?" என்று கேட்டேன். "பையனுக்குக் காண்ட்ராக்ட்ல வேலை தர்றேன்னாங்கப்பா. வரலேன்னா பேர வெட்டிருவாங்க. நீ தர்றியா வேலை?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த அம்மாவை விலைபோனவர் என்று யாரும் சொல்ல வேண்டாம். நிலம் இல்லாத, வேறு வேலை இல்லாத ஒருவருக்கு முன்னால் கம்பெனி இரண்டே வழிகளை வைக்கிறது: புகையோடு கூலி, அல்லது புகையும் பட்டினியும். மேலே சொன்ன அறிக்கைகள் அமெரிக்கக் கறுப்பர்கள் முன் வைத்ததும் இதே இரண்டு வழிகள்தான். மூன்றாவது வழியொன்று, புகையில்லாத கூலி, பேச்சுக்கே வராமல் பார்த்துக்கொள்வதில்தான் லாபியின் வெற்றி இருக்கிறது.

இங்கே கொள்கை அளவில் நடந்ததையும் பாருங்கள். 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்சைடு முதலானவற்றுக்கு வரம்பு விதித்தது. இரண்டு ஆண்டு அவகாசம். மின் உற்பத்தியாளர் தரப்பு முடியாது, செலவு அதிகம், அவகாசம் வேண்டும் என்றது. 2017லிருந்து 2022க்குத் தள்ளினார்கள். 2021இல் மறுபடி தள்ளினார்கள், 2022இல் மறுபடி, 2024 டிசம்பரில் மறுபடி. கடைசியாக 2025 ஜூலையில், ஏறக்குறைய 78 விழுக்காடு அனல்மின் அலகுகளுக்குக் கந்தக நீக்கக் கருவி வைப்பதிலிருந்தே விலக்கு என்று அறிவிப்பு வந்தது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது அரசு சொன்ன காரணம். கருவி வைக்காவிட்டால் யூனிட்டுக்கு 25, 30 பைசா மிச்சம், அது மக்களுக்குத்தானே நல்லது என்றும் தொழில்துறையில் சொன்னார்கள். மறுபடியும் நம் பெயர்தான்! கந்தகப் புகை காற்றிலே போய் நுண்துகளாக மாறி நுரையீரலில் இறங்குகிறது என்பதற்கு எத்தனை பைசா என்று யாரும் சொல்லவில்லை. எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் போய், கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்தக் கழிமுகத்து மீனவர்களிடம் கேளுங்கள், மலிவான மின்சாரத்துக்கு விலை கொடுத்தது யார் என்று.

மின்சாரமே வேண்டாம், பழைய விளக்குக்குப் போவோம் என்று நான் சொல்வதாக யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். அப்படிச் சொல்கிறவர் வீட்டில் பெரும்பாலும் இன்வெர்ட்டர் இருக்கும். அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். மின்சாரம் அவர் பொறுப்பில் இருந்தது. மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் இல்லாமல் இந்தியா தொழில்மயமாகாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கிராமத்தின் பழம்பெருமை அவருக்கு இருளாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த மின்சாரம் யார் கையில் இருக்க வேண்டும், அரசின் கையிலா தனியார் கையிலா என்ற கேள்வியையும் 1943இலேயே அவர் கூட்டத்தின் முன் வைத்தார். நமக்கு மின்சாரம் வேண்டும். அதன் சாம்பல் எங்கே போக வேண்டும், அதன் லாபம் எங்கே போக வேண்டும், முடிவெடுக்கிற மேசையில் யார் உட்கார வேண்டும் என்று கேட்கிற உரிமையும் வேண்டும்.

என்.ஏ.ஏ.சி.பி.யின் அனுபவத்தை இங்கே படித்துக்கொள்ளலாம். அதன் உள்ளூர்க் கிளைகள் சிலவே மின்கம்பெனிகளிடம் நன்கொடை வாங்கிக்கொண்டு, வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு வைப்பதற்கு எதிராகக் கம்பெனி சொன்னதைச் சொல்லியிருக்கின்றன. அமைப்பு அதை மூடி மறைக்கவில்லை. எரிபொருள் கம்பெனிகள் நம்மைக் கையாள்கிற பத்து வழிகள் என்று 2019இல் ஒரு அறிக்கையாகவே போட்டுத் தன் கிளைகளுக்கு அனுப்பியது. நன்கொடை கொடுத்து வாயடைப்பது, நம் தலைவர்களைத் தங்கள் வாயாக ஆக்கிக்கொள்வது, ஏழைக்குக் கட்டணம் ஏறும் என்று பயமுறுத்துவது எல்லாம் அதில் இருக்கிறது. 1909இல் தொடங்கப்பட்ட, அத்தனை தியாகம் செய்த ஒரு அமைப்புக்கே இது தேவைப்பட்டிருக்கிறது.

நம் சங்கங்களுக்கும் இது தேவை. நம் சங்கம் சின்னது, நம்மிடம் யார் வரப்போகிறார்கள் என்று இருக்க வேண்டாம். அடுத்த ஆலை வரும்போது முதலில் நம்மிடம்தான் வருவார்கள். அம்பேத்கர் பிறந்த நாளுக்குப் பந்தல் செலவு தருகிறோம், மன்றத்துக்கு டி.வி. வாங்கித் தருகிறோம் என்று வருவார்கள். பிறகு ஒரு மனு வரும், கையெழுத்துக்கு. அப்போது மூன்று விஷயம் கேட்போம். இந்த மனுவை எழுதியது யார்? அச்சுக் கூலி கொடுத்தது யார்? இது நிறைவேறினால் நம் தெருவில் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, எழுத்தில் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கே பெரும்பாலும் ஆள் எழுந்து போய்விடுவான்.

கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்கு நாமே போக வேண்டும், நம் சொந்தச் செலவில், சொந்தப் பேச்சோடு. திட்டத்தின் சூழல் அறிக்கைச் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டியது சட்டப்படியான உரிமை. கூட்டத்துக்கு முன்பே அதை வாங்கி, இரவுப் பள்ளியில் உட்கார்ந்து, படிக்கத் தெரிந்தவர் படிக்கத் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு, நம் பகுதியில் நிலுவையிலிருக்கும் திட்டங்களின் தமிழ்ச் சுருக்கங்களை வாங்கி வர இரண்டு தோழர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேர் கொடுக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் கொடுத்துவிட்டுப் போகலாம்.